கீரையும் இரும்பும்: மதுரைப் பக்கத்துப் பெண்களின் சோகை வரலாறு

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். அவருக்கு இரத்தசோகை. பிரசவ காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்ஐவி கிருமி இருந்தது பிறகுதான் தெரியவந்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. 2019 ஜனவரியில் அங்கேயே குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அந்த நாட்களில் எல்லோரும் இரத்த வங்கியைப் பற்றிப் பேசினார்கள். பேசவேண்டியதுதான். பரிசோதனையில் நேர்ந்த அலட்சியம் மன்னிக்கத்தக்கதல்ல. ஆனால் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே போனது. எட்டாம் மாதம் வரையில் ஒரு பெண்ணின் உடம்பில் இரத்தம் ஊறாமல் போனது ஏன்? வேறொருவரின் இரத்தம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது?

அவர் ஒருத்தியின் கதை இல்லை இது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேர் சோகை உள்ளவர்கள். கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55 சதவீதமாக இருந்தது. ஐந்தாண்டில் ஒன்றரைப் புள்ளிதான் இறங்கியிருக்கிறது. இந்திய அளவில் பெண்களில் 57 சதவீதத்துக்குச் சோகை. ஆண்களில் 25 சதவீதத்துக்கு.

இவர்களில் மிகச் சிலருக்குத்தான் இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு முற்றிய சோகை. மற்றவர்களுக்கு உணவும் மருந்தும் சில மாத அவகாசமும் இருந்தால் போதும். ஒரு பை இரத்தத்தில், அதாவது 350 மில்லிலிட்டரில், ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கும். தினம் ஒரு அரசு இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஐந்தாறு வாரத்தில் அதே அளவு இரும்பு உடம்பில் சேர்ந்துவிடும். கடைசி மாதத்தில் ஏற்றப்படும் இரத்தம், பெரும்பாலும், முன்பே கைநழுவிப்போன அந்த வாரங்களை ஈடுகட்டத்தான்.

பிறர் இரத்தம் வாங்காமல் தன் இரத்தத்தைத் தானே ஊறவைத்துக்கொள்ளும் அறிவு மதுரைச் சமவெளியில் இல்லாமலில்லை. இலையாக, செந்தூரமாக, மாத்திரையாக, லேகியமாக அது இருந்துகொண்டே வந்திருக்கிறது. அது பெண்ணின் வயிற்றுக்கு ஏன் போய்ச்சேரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

மண் தின்ற பெண்கள்

புறநானூற்றின் 20ஆம் பாட்டு ஒரு சேர அரசனைப் புகழ்கிறது. அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, மசக்கையில் ஆசைப்பட்டுக் கர்ப்பிணிப் பெண்கள் உண்டால்தான் உண்டு என்று குறுங்கோழியூர் கிழார் பாடுகிறார். மண்ணை உண்பது அங்கே வேந்தனின் வீரத்தைச் சொல்ல வந்த அணி. ஆனால் கர்ப்பிணிகள் மண் தின்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்திருந்தால்தான் அந்த அணி எடுபடும்.

இன்றும் நம் வீடுகளில் மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி, சாக்பீஸ் என்று எதையாவது ஒளித்துவைத்துத் தின்னும் பெண்பிள்ளைகள் உண்டு. வாயில் அடி விழும். "இவளுக்கு நாக்கு அடங்காது" என்பார்கள். உணவல்லாத பொருளை உண்ணத் தூண்டும் இந்த வேட்கைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. பலருக்கு இரும்பு கொடுத்ததும் அந்த ஆசை தானாக நின்றுவிடுகிறது. ஆனால் அவள் தேடிய இரும்பு மண்ணிலிருந்து கிடைப்பதில்லை. களிமண் உணவிலுள்ள இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கூடவே புழு முட்டைகளையும் கொண்டுவரும்.

பெண்ணின் உடம்பு ஒன்றைக் கேட்கிறது. ஊர் அதை அவளுடைய குணக்கேடாகப் படிக்கிறது. இந்த வரலாறு முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கிறது. மூச்சு வாங்கினால் சோம்பேறி. வேலைக்கு நடுவில் உட்கார்ந்தால் திமிர். முகம் வெளுத்துக் கால் வீங்கிய பிறகுதான் அது நோய்.

நோய்க்குத் தமிழில் பெயர்கள் உண்டு. சோகை, பாண்டு, வெளுப்பு நோய். சித்த மருத்துவம் பாண்டு என்று தனியாக வகுத்து அதற்கு மருந்தும் சொன்னது. ஐரோப்பாவில் இளம்பெண்களுக்கு வந்த சோகையைப் பச்சை நோய் என்றும் கன்னியர் நோய் என்றும் அழைத்து, கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று வைத்தியர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. அடுத்தடுத்த கர்ப்பங்களால் இரத்தம் வற்றும் உடம்புக்குக் கல்யாணத்தையே மருந்தாகச் சொன்னார்கள்.

பச்சிலைக்குள் இரும்பு

"மாத்திரை சூடு, இரசாயனம், மூலிகைதான் இரத்தத்துக்கு நல்லது" என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். சித்த மருத்துவம் பாண்டுவுக்குக் கொடுத்த மருந்துகளைப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது.

கரிசலாங்கண்ணி, நெல்லி, கடுக்காய், மாதுளை ஆகியவை மூலிகைகள். ஆனால் இவற்றோடு எப்போதும் அயம், மண்டூரம், அன்னபேதி என்று ஒன்று வரும். அயம் என்பது இரும்பு. மண்டூரம் என்பது இரும்பை உருக்கும்போது ஒதுங்கும் பழைய கிட்டம். அன்னபேதி ஓர் இரும்பு உப்பு; ஆங்கில மருத்துவம் ஃபெரஸ் சல்ஃபேட் என்று சொல்லும் அதே பொருள். அதை எலுமிச்சைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, புடம் போட்டுச் சிவக்கச் செய்வது அன்னபேதிச் செந்தூரம். புடத்தில் அதன் வேதியியல் மாறுகிறது. ஆனாலும் அடிப்படை இரும்புதான். இந்த மருந்தைச் செய்தவர்களுக்கு இலை மட்டும் போதாது என்பது தெரிந்திருந்தது. புளிப்போடு சேர்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற உதவும் என்பது ஆய்வுக்கூடம் பின்னால் சொன்ன காரணம்.

அதே காலங்களில் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு மருத்துவரான தாமஸ் சிடன்ஹாம் சோகைக்கு இரும்பைக் கொடுத்தார். 1832இல் பிரெஞ்சு மருத்துவர் ப்ளோ ஃபெரஸ் சல்ஃபேட்டை வைத்து மாத்திரை உருட்டினார். ஆக நாட்டு மருந்துக்கடையின் செந்தூரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரையும் தூரத்து உறவுக்காரர்கள். இரண்டையும் சண்டைக்கு விட்டு வியாபாரம் செய்வது பிற்காலத்து வேலை.

ஆனால் செந்தூரம் யாருக்குக் கிடைத்தது? புடம் போட்ட மருந்துக்குக் காசு வேண்டும், வைத்தியர் வேண்டும், பத்தியம் காக்க வசதி வேண்டும். நடவுக்குப் போகும் பெண்ணிடம் இருந்தது வரப்போரத்துக் கீரைதான்.

லூசி வில்ஸ் பார்த்தது

இந்த வரலாற்றின் நடுவில் ஒரு பெண் மருத்துவர் வருகிறார். 1920களில் இந்தியாவில் பிரசவத்தில் இறக்கும் பெண்களைப் பற்றி மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவர் விடாமல் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தச் சாவுகளில் சோகைக்குப் பெரிய பங்கு இருந்தது. அவர் அழைப்பின்பேரில் 1928இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர் லூசி வில்ஸ். ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்து ஆய்வு செய்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள். கர்ப்பத்தில் அவர்களுக்கு வந்த சோகை விசித்திரமானது. இரத்த அணுக்கள் சிறுத்துப்போவதற்குப் பதிலாகப் பெருத்திருந்தன.

கிருமியைத் தேடுவதோடு நிற்காமல் வில்ஸ் அவர்களுடைய சாப்பாட்டைப் பார்த்தார். யார் என்ன உண்கிறார்கள், எதை உண்ணாதவர்களுக்கு நோய் வருகிறது என்று கணக்கெடுத்தார். காயும் கீரையும் பழமும் மிகக் குறைந்த உணவில் வாழ்ந்தவர்களுக்கே இந்த நோய் அதிகம். குன்னூரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்திலும், 1931இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் இதே வேலையைத் தொடர்ந்தார். கோஷா ஆஸ்பத்திரி என்பது 1885இல் மேரி ஷார்லிப்பின் முயற்சியால் பெண்களுக்கென்று தொடங்கப்பட்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கிறது.

ஈஸ்ட் சாறான மார்மைட் என்ற மலிவான பொருளைக் கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். 1931இல் வில்ஸ் அதை எழுதி வெளியிட்டார். அதற்குள் இருந்த சத்துக்குப் பெயர் தெரியாததால் பல வருடம் அது 'வில்ஸ் காரணி' என்றே அழைக்கப்பட்டது. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பாலக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945 வாக்கில் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் இன்றைய சிவப்பு மாத்திரையில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது ஏழை ஆலைப் பெண்களின் உடம்பிலிருந்து கற்ற பாடம். 'கீரை இரத்தத்துக்கு நல்லது' என்ற பாட்டிகளின் பேச்சுக்கு விஞ்ஞானம் வைத்த முத்திரையும் அதுதான். கீரையின் பெரிய பலம் அதிலுள்ள இரும்பைவிட இந்த இலைச்சத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் அது போய்விடும்.

மதுரையிலும் ஆலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைகைக் கரை நகரத்துக்கு ஹார்வி ஆலை வந்தது. பெண்களும் அதில் வேலைக்குப் போனார்கள். 1880களிலும் 1890களிலும் அமெரிக்க மிஷனின் பாலின் ரூட், ஹாரியட் பார்க்கர் என்ற பெண் மருத்துவர்கள் மதுரைக்கு வந்தபோதுதான், ஆண் வைத்தியர் கையைத் தொட அனுமதிக்காத வீடுகளின் பெண்கள் மருத்துவமனைப் படி ஏறினார்கள். பார்ப்பதற்கு ஒரு பெண் வந்த பிறகே பெண்ணின் வெளுத்த முகம் பதிவேட்டில் ஏறியது. பம்பாயிலும் மதுரையிலும் இது ஒன்றுபோலவே நடந்திருக்கிறது.

வரப்புக் கீரை

1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மதுரைச் சமவெளிக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் நெல் விளையும் பூமியாயிற்று. பஞ்சத்தை அது தள்ளிவைத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நெல்லோடு பெண்ணின் வேலையும் உணவும் மாறின.

கம்பும் சோளமும் கேழ்வரகும் மானாவாரி நிலத்தின் உணவு. கம்பில் அரிசியைவிடப் பல மடங்கு இரும்பு உண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் கம்பங்கூழ் வெகுநாள் நீடித்தது. நெல்லுச்சோறு என்பது கௌரவம். அதுவும் மில் வந்தபின் தவிடு நீக்கிய வெள்ளைச் சோறு. கூழிலிருந்து சோற்றுக்கு வந்ததைக் குடும்பங்கள் முன்னேற்றமாகவே உணர்ந்தன; பசியை அறிந்தவர்களை அதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால் தட்டில் சோறு பெருகிய அளவுக்குக் குழம்பிலும் கறியிலும் பெண்ணின் பங்கு பெருகவில்லை.

சேற்றில் நின்று நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் நாளொன்றுக்குச் சில மில்லிலிட்டர் இரத்தம் போகும். 1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறும் தொழிலாளர்களுக்கு மண்டபம் முகாமிலேயே புழு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். தோட்ட முதலாளிக்குச் சோகை பிடித்த கூலி ஆகாது. உற்பத்திக்காக ஒரு தொழிலாளியின் இரத்தத்தை அளக்க அரசுக்கும் முதலாளிக்கும் தெரிந்திருந்தது. ஊரிலேயே நடவு நட்ட பெண்ணுக்கு அந்த அக்கறை வெகுகாலம் கழித்தே வந்தது.

களையெடுப்பில் இன்னொன்றும் இருந்தது. பிடுங்கிய களையிலேயே கீரை பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, ஈர வரப்பில் கரிசலாங்கண்ணி. காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். நிலம் சொந்தமில்லாத பெண்ணுக்கு அந்த நிலத்தின் மேல் இருந்த ஒரே பாத்தியதை அது. எந்தக் கீரை சூடு, எது குளிர்ச்சி, எதைப் பிள்ளைபெற்றவளுக்குக் கொடுக்கலாம் என்ற அறிவு அந்த மடியோடு தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. களைக்கொல்லி வந்த வயலில் இரண்டும் போய்விட்டன. களையெடுப்புக் கூலியும் இல்லை, மடிக் கீரையும் இல்லை. இன்று அதே கரிசலாங்கண்ணி பொடியாகி, டப்பாவில் அடைபட்டு, 'இரத்த விருத்திக்கு' என்ற சீட்டோடு விலைக்கு வருகிறது. வாங்குவது பெரும்பாலும் அதைப் பிடுங்கிய பெண்ணாக இருக்காது.

சிவப்பு மாத்திரை

1970இல் மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, அதன் முன்னோட்டம் நடந்த இடம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஊரிலிருந்தே ஒரு பெண்ணைப் பணியாளராக வைத்து, குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அந்தத் திட்டத்தில் இருந்தார்கள். நன்மை நடந்தது. ஆனால் பெண் அங்கே வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் மார்பில் பிள்ளை இருக்கும்போதும்தான் தென்பட்டாள். கல்யாணமாகாத பெண், பிள்ளைப்பேறு முடிந்தவள், நாற்பது வயதில் மாதம் பத்து நாள் இரத்தப்போக்கோடு பஸ் ஏறி வேலைக்குப் போகிறவள் ஆகியோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பள்ளிப் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை என்பது 2013 வாக்கில்தான் வந்தது.

மாத்திரை கொடுக்கப்பட்டது; சாப்பிடப்பட்டதா? கறுப்பாக மலம் போகும், மலச்சிக்கல், குமட்டல், வாயில் இரும்புச் சுவை. "பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்", "பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகும்" என்ற பயங்கள். இவற்றைப் பொறுமையாகக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு கிராம சுகாதாரச் செவிலியருக்கு நேரமில்லை. நாம் கேட்டது திட்டு: "மாத்திரையை ஒழுங்கா முழுங்க மாட்டே, அப்புறம் ரத்தம் இல்லைன்னு வந்து நிப்பே." சாப்பாட்டுக்குப் பின் இராத்திரியில் எடுத்தால் குமட்டல் குறையும், டீயோடு எடுக்கக்கூடாது, எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் நன்றாக ஏறும் என்று நிதானமாகச் சொல்லப்பட்ட இடங்களில் பெண்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். டீ என்பது நம் பக்கத்தில் பல பெண்களுக்குக் காலை உணவு. பசியை அடக்கும் அந்த டீதான் அடுத்து உண்ணும் சோற்றிலிருக்கும் இரும்பையும் தடுக்கிறது.

மீண்டும் லேகியம்

2010களின் நடுவில் தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்கு 11 சித்த மருந்துகள் அடங்கிய பெட்டகத்தை 'அம்மா மகப்பேறு சஞ்சீவி' என்ற பெயரில் கொடுத்தது. மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் முதலியவை அதில் இருந்தன. 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சென்னைத் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து நடத்தியது. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் என்ற நான்கையும் வளரிளம் பெண்களுக்கு 45 நாள் கொடுத்தார்கள். சேர்ந்த 2,648 பேரில் 2,300 பேர் முழுக்க முடித்தார்கள். ஹீமோகுளோபின் கூடியது, மூச்சுத்திணறல், அசதி, தலைவலி குறைந்தன.

நல்ல செய்தி. ஆனால் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலில் குடல் சுத்திச் சூரணம் கொடுத்துவிட்டே மருந்தை ஆரம்பித்தார்கள். அதன்பின் கொடுத்த நான்கில் ஒன்று இரும்பு. எனவே தேறியது நெல்லியாலா, செந்தூரத்தாலா, குடல் சுத்தமானதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'மூலிகை மட்டுமே போதும்' என்பதற்கு இது சான்றாகாது. பழைய வைத்தியர்களும் அப்படிச் சொல்லவில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் இரும்பு. நம் சாப்பாட்டு வகையில் அதில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குதான் உடம்பில் ஏறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும், பெண்ணுக்கு 29. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் உடம்பு கேட்கும் இரும்பு ஏறக்குறைய 1000 மில்லிகிராம். தினமும் கீரை சாப்பிடுகிறவள் சோகை வராமல் காத்துக்கொள்ள அது பெரிய துணை. வந்துவிட்ட சோகையைக் கீரையை மட்டும் வைத்து ஏழாம் மாதத்தில் விரட்ட முடியாது.

ஹீமோகுளோபின் கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் சோகை. 7க்குக் கீழே போனால் கடும் சோகை, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். இடையில் இருப்பவர்களுக்கு மாத்திரை ஏறவில்லையென்றால் நரம்பு வழியே இரும்பு மருந்து ஏற்றும் வசதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே உண்டு. இரத்தம் ஏற்றாமல் தப்பிக்க அது நல்ல வழி. பிரசவத்தில் இரத்தம் கொட்டும்போது மட்டும் இரத்தத்துக்கு மாற்று கிடையாது. அந்த நேரத்தில் லேகியத்தை நம்பிக் காத்திருக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் பெண்ணின் பக்கம் நிற்பவர் இல்லை. 2018க்குப் பிறகு இரத்தம் என்றாலே பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பதில் பாதுகாப்பான இரத்த வங்கியும், இரத்தம் தேவைப்படாத அளவுக்கு முன்பே தேறிய உடம்பும்.

இரும்பு கொடுத்தும் ஏறாத சோகையும் உண்டு. மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகிறதா, கருப்பையில் கட்டியா, பரம்பரையாக வரும் தலசீமியாவா, செடியுணவில் கிடைக்காத பி12 குறைவா என்று பார்க்க வேண்டும். 'ரத்தம் கம்மி' என்று ஒரு சொல்லில் முடித்து டானிக் எழுதிக் கொடுத்த காலம் போதும்.

கடைசியாகச் சாப்பிடுகிறவள்

செந்தூரம், மார்மைட், மாத்திரை, சத்துருண்டை, லேகியம் என்று ஒவ்வொரு காலமும் பெண்ணின் கையில் ஒன்றைக் கொடுத்தது. அத்தனையும் ஏதோ ஓர் அளவு வேலை செய்தன. எதுவும் தொடாத ஒன்று அடுப்படியின் வரிசை. ஆண்கள், பிள்ளைகள், பெரியவர்கள் என்று எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியது அவளுக்கு. ஈரலும் மீனும் முட்டையும் கிடைக்கும் வீட்டில்கூட அவை அவள் தட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். பத்தியம் என்ற பெயரில் பிள்ளைபெற்றவளுக்கு எத்தனையோ உணவு மறுக்கப்பட்டிருக்கிறது. 'சத்தான உணவு சாப்பிடுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டும் அரசு, அந்தச் சத்தான உணவைச் சமைக்கிறவளே அதை உண்ண முடியாமலிருப்பதைச் சுவரொட்டியில் எழுதுவதில்லை.

அதனால் வீட்டு வரிசைக்கு வெளியே கிடைக்கும் சாப்பாட்டுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பெண்குழந்தையை யாருக்கும் பரிமாறாமல் முதல் பந்தியில் உட்காரவைத்தன. ரேஷனில் இரும்பு செறிவூட்டப்பட்ட அரிசி வருகிறது. அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று களைந்துவிடும் வீடுகளில் போய் விளக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் மாவு அவளுக்கானது என்று மாமியாரும் புருஷனும் ஒப்புக்கொள்ள வைப்பதும் மருத்துவ வேலைதான்.

கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்தில் ஒரு முருங்கை, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, களைக்கொல்லி படாத ஒரு வரப்பு இவையெல்லாம் நம் பாட்டிகள் வைத்திருந்த இரத்த வங்கி. அதை மீட்பது நிலத்தையும் கூலியையும் பற்றிய கேள்வி. சமையல் குறிப்பால் மட்டும் ஆகாது. கூடவே கேட்க வேண்டியவை: பத்து வயதிலிருந்தே இரத்தப் பரிசோதனை, அதன் எண்ணைப் பெண்ணின் கையில் எழுதிக் கொடுப்பது, கர்ப்பத்துக்கு முன்பே தேறும் அவகாசம், இரண்டு பிள்ளைக்கு நடுவே போதிய இடைவெளி, கழிப்பறை, காலில் செருப்பு.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1931இலேயே ஒரு மருத்துவர் ஏழைப் பெண்களிடம் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, நோய்க்கு வழி கண்டார். அந்தக் கேள்வியை நம் வீடுகளில் இன்று இரவே கேட்கலாம். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவப் போகிறவளிடம், சட்டியில் என்ன மிச்சம் இருந்தது என்று.